செம்பு மூக்கு

நாணயத்தில் இருந்த ராஜாவின் முகத்தில் மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

வளைகுடாவில், அல் கூஸில் உள்ள அந்தக் கிடங்கில் பழைய நாணயங்களைத் துடைத்து அடுக்குவதுதான் கார்மேகத்துக்கு டியூட்டி. தகரக் கூரை மதிய வெயிலில் படபடக்க, ஏசி ஓயாமல் உறும, மருந்து நெடியும் செம்பு வாடையும் தொண்டையில் கசக்க, அவன் அந்த மூக்கையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அழுத்தித் தேய்க்காதப்பா," என்றார் முதலாளி மூசா. "பாதிக்கு மேல செம்பு அது. ஐந்நூறு வருசம் முந்தி இங்கிலாந்து ராஜா ஒருத்தன், காசுக்கு மேல மட்டும் வெள்ளியப் பூசி ஊர ஏமாத்துனான். கை பட்டுப் பட்டு மொதல்ல மூக்குதான் உரியும்."

கார்மேகம் துணியைக் கீழே வைத்தான். போன மாதம் இதே குவியலில் ஒன்றைச் சுருட்டி, சுத்த வெள்ளி என்று நம்பி, லீவில் ஊருக்குப் போன அறைத்தோழன் வீரபாண்டியிடம் கொடுத்துவிட்டிருந்தான். எட்டு மாத மகள் அனன்யாவின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டச் சொல்லி. திருட்டுக் காசைப் பெற்ற பிள்ளையின் இடுப்பில் கட்டிய பாவி! உடனே பேச வேண்டும் போலிருந்தது.

வெளியே லாரி நிழலில் நின்று மனைவிக்கு வீடியோ கால் போட்டான்.

"பாப்பா வெளுத்துட்டாளேன்னு தெருவே கண்ணு வைக்குதுங்க," என்று அகிலா சிரித்தாள்.

மடியில் குழந்தை. சாம்பல் பூத்து மினுங்கும் வெளுப்பு. அழவில்லை, கால் உதைக்கவில்லை. முகத்தை நேராக அவனுக்கே காட்டிக்கொண்டு கிடந்தது.

"அந்தக் காச அவுத்துரு புள்ள. இப்பவே."

"ஏங்க? அதுல இருந்த மொகங்கூட அழிஞ்சு போச்சு, பாருங்க."

கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். காசு மொழுமொழுவென்று இருந்தது. ராஜா இல்லை.

குழந்தையின் மூக்கு நுனியில் ஒரு சிவப்பு.

"சளி போல," என்று முந்தானையை எடுத்தாள்.

"தொடைக்காத! அகிலா, தொடைக்காத!"

நெட் இழுத்தது. அவன் குரல் போகவில்லை. படம் மட்டும் வந்தது.

துடைத்தாள். முந்தானையில் வெள்ளிச் சாம்பல் ஒட்டியது. மூக்கு முழுக்கச் செம்பு. நெற்றி. செம்பு. இமை இருந்த இடம். செம்பு.

குழந்தை அசையவில்லை. அகிலா சிரித்த முகத்தோடு, மெள்ள, கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.