வீட்டைப் பார்த்த பக்கம்

கஞ்சாச் செடி ஒரு பக்கம் மட்டுமே பூத்திருந்தது.

தகர வேலியைப் பார்த்த கிளைகளில் வெள்ளை நார் நாராகப் பூ திரண்டு, பிசின் வாசனை மூக்கைத் துளைத்தது. வீட்டைப் பார்த்த கிளைகளில் பூவே இல்லை. அங்கே புதிதாக இலை விட்டிருந்தது. அதுவும் வழக்கமான ஏழு விரல் இலை அல்ல. ஒற்றை விரலாக, ஓரத்தில் பல் இல்லாமல், பிறந்த குழந்தையின் காது மடல் மாதிரி வழவழவென்று. நோலீன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள். கேன்பராவின் ஏப்ரல் காலை. புல்தரை முழுக்கப் பனியில் நனைந்து கிடந்தது. இலை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெயில் இன்னும் வேலியைத் தாண்டியிருக்கவில்லை.

அந்தச் செடி பூக்க வேண்டியது மெர்வுக்காக. காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டி, தெரிந்தவர்களைச் சாலையில் கண்டால் ஹாரன் அடித்துத் தூக்கிவாரிப் போட வைத்த அவள் கணவன், இப்போது எலும்பில் இறங்கிய புற்றுநோயோடு பின்னறைக் கட்டிலில் கிடக்கிறான். ஆஸ்பத்திரி மாத்திரை வலியைக் கொஞ்சம் மழுங்கடித்தது, தூக்கத்தைத் தரவில்லை. போன வருடப் பூவை வெண்ணெயில் காய்ச்சி பிஸ்கட்டில் தடவிக் கொடுத்தபோதுதான் தூங்கினான். அது தீர்ந்துவிட்டது. இந்த ஊரில் வீட்டுத் தோட்டத்தில் ஓரிரண்டு செடி வைத்துக்கொள்ளலாம், விளக்குப் போட்டு வளர்க்கத்தான் கூடாது. சூரியன் தருவதுதான் கணக்கு. கடும் உறைபனி இறங்குமுன் பூ முற்ற வேண்டும், தவறினால் ஒரே காலையில் எல்லாம் கறுத்துவிடும்.

வீட்டுக்கு வரும் நர்ஸ் இந்த இலையுதிர்காலத்தை அவன் தாண்டமாட்டான் என்று முன்பே சொல்லியிருந்தாள். நோலீன் அவன் போகக்கூடாது என்றும், இப்படித் துடிக்காமல் போய்விட்டால் தேவலை என்றும் ஒரே நாளில் இரண்டையும் வேண்டிக்கொள்கிறவள். மேலே யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் குழம்பித்தான் போயிருப்பார்கள்.

பக்கத்து வீட்டு டிராகோ வேலிமேல் தாடையை வைத்துச் செடியைப் பார்த்தான். ஓய்வுபெற்ற கொத்தனார், குரோஷியாக்காரன், தக்காளியிலிருந்து கஞ்சா வரை எதற்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பவன்.

"ராத்திரில யாரோ இதுக்கு வெளிச்சம் காட்டறாங்க, நோலீன்."

"வேற யாரு, உன் விளக்குதான். வேலில ஓடற போசம் தும்மினாக்கூட எரியுதே, அந்தச் சனியன்."

"கழட்டிடறேன், விடு. ஆனா என் வெளிச்சம் வேலிப் பக்கம்தானே விழணும்? வேலிப் பக்கம் நல்லா பூத்திருக்கே."

டிராகோ விடாமல் விளக்கினான். "ராத்திரி நீண்டுக்கிட்டே போனாதான் அதுக்குப் புரியும், நம்ம காலம் முடியப்போவுதுன்னு. புரிஞ்சாதான் பூக்கும். இருட்டுக்கு நடுவுல தினம் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாப் போதும், இன்னும் கோடைன்னு நெனச்சுக்கிட்டு மறுபடி கொழந்தையாயிடும்." பிறகு, பின்னறை ஜன்னலைக் காட்டி, மெர்வுடைய விளக்கை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

மெர்வுடைய அறையில் விளக்கே போடுவதில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று பல்பையே கழற்றச் சொல்லியிருந்தான். இருந்தும் நோலீன் வீடு முழுக்கத் தேடினாள். மைக்ரோவேவின் பச்சை எழுத்துகளை மறைத்து ஒட்டினாள். இணையப் பெட்டியை அலமாரிக்குள் தள்ளினாள். தொட்டியை அரை வட்டம் திருப்பி, பூத்த பக்கத்தை வீட்டைப் பார்த்து வைத்தாள்.

செய்தி சொன்னபோது மெர்வ் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தபடியே சிரித்தான். "அது பூக்கறதுக்குள்ள நான் காஞ்சுருவேன் போல." எப்போதும் அப்படித்தான் படுக்கிறான் இப்போதெல்லாம், வலது கன்னத்தைத் தலையணையில் புதைத்து, ஜன்னலையும் அதனருகே நாற்காலியில் இருக்கும் அவளையும் பார்த்தபடி. உடம்பு துடைக்கும்போதும் தலையணையில் புதைந்த அந்தப் பக்கத்தைத் தரமாட்டான். கூசுது, வேண்டாம் என்பான். அவளும் வற்புறுத்தவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் அறைக்கதவு இருந்தது, அவ்வளவுதான்.

எழுந்து போகத் திரும்பியபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். ஏப்ரல் கடைசியில் வரும் அன்சாக் தினத்துக்கு முன் ஹீட்டர் போடுவதில்லை என்பது இந்த ஊரில் பாதிப் பேருடைய வறட்டு கௌரவம். மெர்வ் சாகக் கிடக்கும்போதும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. சமையலறையில் அவள் இரண்டு ஸ்வெட்டர் போட்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அவன் அறை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று அவன் நெற்றியைத் தொட்டாள். நெற்றி சில்லென்று இருந்தது.

சில நாட்களில், திருப்பி வைத்த பக்கத்தில் பூக்கள் பச்சையாகி, ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் அந்த ஒற்றை விரல் இலை எட்டிப் பார்த்தது. வேலிப் பக்கம் போன கிளைகளோ இலை சுருங்கிப் பூ விட ஆரம்பித்திருந்தன. ஆக, வெளிச்சம் வீட்டிலிருந்துதான் வருகிறது.

கறுப்புத் தார்ப்பாய் வாங்கி, வளைத்த குழாய்கள்மேல் போட்டு, பொழுது சாயும்போது மூடிக் காலையில் திறந்தாள். ஒரு வாரம். பிறகும் வீட்டைப் பார்த்த பக்கம் குழந்தையாகிக்கொண்டே போனது. இலைகள் இன்னும் மென்மையாக, இன்னும் சூடாக.

தார்ப்பாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கெட்டுவிடும், உள்ளே போய் உட்கார்ந்து கண் இருட்டுக்குப் பழகும்வரை பார் என்று டிராகோ சொல்லியிருந்தான். செடி வளர்க்கிற எல்லோரும் செய்வதுதான். அப்படி உட்காரலாம் என்றிருந்த அன்றைக்கு நர்ஸ் வந்து, இதயத்துடிப்பைக் கேட்டு, இந்த மனிதர் எங்களையெல்லாம் ஏமாற்றுகிறார், நாடி வாலிபன் மாதிரி அடிக்கிறது என்று வியந்துவிட்டுப் போனாள். மெர்வ் அதற்குச் சிரிக்கவில்லை. அவள் போனதும் நோலீனின் கையைப் பிடித்தான்.

"கண்ணை மூடினாலும் வெளிச்சமா இருக்கு, கண்ணு. இருட்டே வரமாட்டேங்குது."

"பூ வரட்டும். தூங்கிடுவே."

"வலி போயிட்டிருக்கு. அதுதான் பயமா இருக்கு."

மாத்திரை வேலை செய்கிறது என்று அவள் நினைத்தாள். நினைக்கப் பிடித்திருந்தது. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் நேரத்தில், வீட்டில் இருந்த எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுத் தார்ப்பாய்க்குள் நுழைந்து, விளிம்பைச் செங்கல்லால் அழுத்தி, ஈர மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் வாசனைதான். பிசினும், அழுகிய எலுமிச்சையும், எருவும் கலந்து தொண்டையில் ஒட்டிய வாசனை. வெளியே கரவாங் பறவைகள் கடைசியாக ஒருமுறை ஊளையிட்டு அடங்கின. யாரோ குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போகும் சக்கரச் சத்தம் நீண்டு, தேய்ந்து, நின்றது. தார்ப்பாய் காற்றில் மெல்ல மூச்சு விட்டது. சூரியன் முழுக்கப் போனபின் இருட்டு கெட்டியாக வந்து கண்மேல் உட்கார்ந்தது. கையை முகத்துக்கு நேரே பிடித்தாள், கை இல்லை. ஓட்டை எங்கும் இல்லை. நல்ல தார்ப்பாய், கொடுத்த காசுக்கு மோசமில்லை என்று தோன்றியபோது அவளுக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது.

பிறகு கை தெரிந்தது.

விரல்களின் ஓரம் மட்டும். அப்புறம் இலைகளின் ஓரம். பச்சை நிறம் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து மேலே வந்தது. வெளிச்சம் எந்தத் துளையிலிருந்தும் வரவில்லை. கறுப்புத் துணி அப்படியே கறுப்பாக இருந்தது; அதை ஒரு பொருட்டாகவே எண்ணாமல், வீட்டுப் பக்கத்திலிருந்து அது உள்ளே வந்து இலைகள்மேல் விழுந்தது. இலைகள் அசைந்தன. காற்று நின்றிருந்தது. ஒற்றை விரல்கள் எல்லாம், மெதுவாக, ஒரே பக்கம் திரும்பின.

அவள் முதுகு சூடாயிற்று. எதிரே, வேலிப் பக்கத் துணியில், அவளுடைய நிழல்.

செங்கல்லைத் தள்ளிவிட்டு வெளியே உருண்டாள். தோட்டம் இருட்டு. வீடு இருட்டு. பின்னறை ஜன்னல் இருட்டு. ஆனால் புல்தரையில் அவள் நிழல் நீளமாக, கூர்மையாக, வேலிவரை கிடந்தது. வீட்டை நோக்கி ஓடினாள். நிழல் பின்னால் தள்ளித் தள்ளி நீண்டது.

சமையலறை சில்லென்று இருந்தது. கூடம் சில்லென்று இருந்தது. பின்னறைக் கதவு வெதுவெதுப்பாக இருந்தது.

தள்ளினாள். உள்ளே விளக்கு எதுவும் இல்லை. எல்லாம் தெரிந்தது. தண்ணீர்க் குவளை, மாத்திரை டப்பா, போர்வையின் ஒவ்வொரு நூல். மெர்வ் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கட்டிலைச் சுற்றிப் போய் அவனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மண்டியிட்டாள். அவள் அறிந்த முகம். குழிந்த கன்னம், வெள்ளைத் தாடி முள், நனைந்த கண்.

"திருப்பாத, நோலீன்."

"என்னன்னு பாக்கணும் எனக்கு."

"பாத்தா நீ தாங்கமாட்ட."

திருப்பினாள்.

மூக்குக்கு அந்தப் பக்கம் சுருக்கமே இல்லை. தோல் வழவழவென்று, ரோஜா நிறத்தில், சூடாக. நெற்றி ஓரத்தில் பட்டு மாதிரி மயிர், மஞ்சளாக. உதட்டின் அந்தப் பாதி எச்சில் வழியச் சுழித்திருந்தது. உள்ளே, உதிர்ந்துபோன கிழட்டுப் பல்லின் ஈறுகளில், வெள்ளையாய்ச் சின்னதாய் ஒரு முனை. போர்வைக்கு வெளியே கிடந்த வலது கை அவள் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு இருந்தது. அது அவள் விரலை இறுகப் பிடித்தது. வலுவான பிடி.

அவன் பிழைத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே ஒரு கணம். அந்தக் கணத்தில் அவள் சந்தோஷப்பட்டாள், அதை மறைக்கவும் முடியவில்லை. பழைய கண் அதைப் பார்த்துவிட்டது.

"இருட்டாக்கு," என்றது பாதி வாய். "தயவுபண்ணி இருட்டாக்கு, கண்ணு."

திரையை இழுத்தாள். போர்வையை அவன் தலைக்கு மேலே போட்டாள். தன் உடம்பாலேயே அவனை மூடிப் படுத்தாள். வெளிச்சம் அவள் ஊடாகப் போயிற்று. தன் கை எலும்புகள் அவளுக்குத் தெரிந்தன. போர்வை நழுவியது.

பழைய கண் அவளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. புதிய கண், நீலமாக, ஒரு கறையும் இல்லாமல், அவளைப் பார்க்கவே இல்லை. கதவுப் பக்கம் எதையோ பார்த்துச் சிரித்தது. அந்தக் கண் மெதுவாக நகர்ந்தது, கதவோரமிருந்து கட்டிலின் கால்மாட்டுக்கு, அங்கிருந்து அவள் பக்கமாக. அதை வைத்து நோலீன் புரிந்துகொண்டாள், அந்த வெளிச்சம் இப்போது எங்கே நடந்துகொண்டிருக்கிறது என்று. அவளுடைய வலது கன்னம் சூடேறத் தொடங்கியது.