காலியாகாத நாற்காலி

எங்கள் ஆலோசனை மையத்துக்குப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய இடம் ஒரு பழைய எக்ஸ்ரே அறை. ஜன்னல் கிடையாது. கதவைத் தள்ளவே தோள் பலம் வேண்டும். மாணவர்கள் மனம்விட்டு அழ இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றார் அதை ஒதுக்கிய அதிகாரி. அவர் ஒரு நாள்கூட உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை.

நான் அங்கே ஆலோசகர். எனக்குத் துணையாகச் சில மாணவர்கள் உண்டு. சக மாணவர்கள் வந்து புலம்பினால் உட்கார்ந்து கேட்பதுதான் அவர்கள் வேலை. அவர்களில் ஒருவனுக்குப் பையன்கள் வைத்த பட்டப்பெயர் ஆறுதல். யார் மூக்கை உறிஞ்சினாலும் பக்கத்தில் போய் நிற்பான். தங்கமான பையன், சொன்னதற்கு மேல் ஒரு படி செய்துவிடுவதுதான் அவனிடம் உள்ள குறை.

அன்று நண்பகலில், கழுத்துவரை பொத்தான் போட்ட முதலாண்டுப் பையன் ஒருவன் வந்தான். அவன் அண்ணன் பைக் விபத்தில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டில் எல்லாரும் அழ, இவனுக்கு மட்டும் அழுகை வரவில்லையாம். ஆறுதல் அவனை உள்ளே அழைத்துப் போனான்.

கொஞ்ச நேரத்தில் ஆறுதல் வராந்தாவில் தலைகால் புரியாமல் ஓடி வந்தான்.

"மேடம், பேசிட்டான். வாயே திறக்காத பய, சின்ன வயசுலேர்ந்து வாங்கின அடி எல்லாத்தையும் அவங்க அண்ணனைப் பார்த்தே கேட்டுட்டான்."

"செத்துப்போன அண்ணனையா?"

"ஆமா மேடம். எதிர்ல காலி நாற்காலி போட்டேன். நீங்க ஒருதடவை செஞ்சு காட்டினீங்களே."

அது நாங்கள் செய்யும் ஒரு பயிற்சி. மனத்தை அரிக்கும் ஆள் அந்த நாற்காலியில் இருப்பதாக நினைத்துப் பேசச் சொல்வோம். பேசி முடித்ததும், அழைத்தவரே தன் வாயால் 'போ' என்று சொல்லி அந்த ஆளை அனுப்பிவிட வேண்டும். அதன்பிறகுதான் யாராயிருந்தாலும் அறையைவிட்டு வெளியே வரலாம். பயிற்சி நாளன்று ஆறுதல் பாதியில் எழுந்து போயிருந்தான்.

"அனுப்பி வச்சியா?"

அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. "யாரை மேடம்?"

நான் ஓடினேன்.

கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. கருகிய ரப்பர் நாற்றம். அதற்கடியில் ரத்தம்.

பையன் மூலையில் சுருண்டு கிடந்தான். வேறு யாரும் இல்லை.

படார்.

அவன் முதுகுச் சட்டை குறுக்கே கிழிந்தது. கிழிசலில் சிவப்பு ஊறியது.

"வேணாம்ணா," என்று முனகினான்.

ஏதோ ஒன்று அவன் முடியைப் பற்றித் தூக்கியது. முகத்தைச் சுவரில் மோதியது. மறுபடியும் மோதியது. ஒரு பல் தரையில் உருண்டு என் செருப்பருகே வந்து நின்றது. அவன் சுண்டுவிரல் தானாகப் பின்னால் வளைந்து, விறகு முறிவதுபோல் முறிந்தது.

"'போ'ன்னு சொல்லு," என்று கத்தினேன். "நீதான் சொல்லணும்."

அவன் வாயைத் திறந்தான். கழுத்தில் ஐந்து பள்ளங்கள் விழுந்தன. கால்கள் தரையைவிட்டு எழும்பின.

இடையில் பாய்ந்தேன். என்னைப் பிடித்து எறிந்த கையின் சூடு இன்னும் என் தோளில் இருக்கிறது. தோளெலும்பு உடைந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. கண்ணெதிரே ஒரு பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறான். என்னால் எழக்கூட முடியவில்லை.

ஆறுதல்தான் ஓடி வந்தான். நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பாரு, இதுல வேற யாரும் இல்ல. நான்தான் இருக்கேன்."

பையன் பொத்தென்று விழுந்தான்.

பெட்ரோல் வாடை சட்டென்று நின்றுபோனது. ஆறுதல் நாற்காலியில் அசையாமல் இருந்தான். போகச் சொல்ல வேண்டியவனின் தாடையோ உடைந்து தொங்கியது. அவனால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. மூச்சு இருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆறுதலை மனதார வாழ்த்தினேன்.

ஆம்புலன்ஸ் வந்தது.

"பின்னாடி ஒருத்தர்தான் ஏறலாம். சொந்தக்காரங்க யாரு?" என்றார் ஊழியர்.

"நான்தான்," என்றான் ஆறுதல். "இவன் அண்ணன்."

வண்டியில் ஏறுவதற்காகப் பொய் சொல்கிறான், கெட்டிக்காரன் என்று அந்த வலியிலும் நினைத்தேன்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த பையன் உடையாத கையால் என் துப்பட்டாவை இறுகப் பற்றினான். அவன் கண்கள் ஆறுதலைவிட்டு நகரவில்லை. ஊழியர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"பயப்படாதப்பா, அதான் உங்க அண்ணன் கூட வர்றாரே."

கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் போய் ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. பின்கண்ணாடியில் பையனின் உள்ளங்கை உள்ளிருந்து படபடவென்று அடித்தது.

இன்னொரு கை வந்து அதை மெதுவாகக் கீழே இழுத்தது.

நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். சைரன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.