முதல் ஊசி யாருக்கு?

தொலைபேசி அலறியது.

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு. தலைமை மருத்துவர் எடுத்தார்.

"மேடம்... சார் மேஜை மேலயே சாஞ்சுட்டாரு. மூக்கு, ஈறு, எங்க பாத்தாலும் ரத்தம்..."

ஆய்வுக்கூடத்தில் தம் கணவரிடம் பணிபுரியும் உதவியாளப் பெண்ணின் குரல் அது.

ஒரு கணம். அந்த ஒரு கணமே அவர் மனைவியாக இருந்தார்.

"வெறுங்கையால யாரும் தொடாதீங்க. ஆம்புலன்ஸ் வருது," என்றார் மருத்துவராக.

உச்சிப்பொழுதுக்குள் உண்மை தெரிந்துவிட்டது. ஆராய்ச்சியாளரின் குருதியில் ஓடியது, அவரே தம் ஆய்வுக்கூடத்தில் பூட்டிவைத்து, தடுப்பூசி காண முயன்றுகொண்டிருந்த அதே வைரஸ்.

அவர் நாள்தோறும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் பேனாவிலும் அதே வைரஸ்.

தவறுதல் அன்று. கொலை முயற்சி...

பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சுத்தி வளைக்காம கேக்கறேன் டாக்டர். பொழைப்பாரா?"

"இதுக்கு மருந்து கிடையாது."

"தடுப்பூசி கண்டுபிடிச்சவர் தனக்கு ஒண்ணு போட்டுக்கலையா?"

"அது முயல் வரைக்கும்தான் வந்திருக்கு. மனுஷங்க யாருக்கும் போட்டதில்ல. இப்ப போட்டும் பிரயோஜனம் இல்ல. எதிரி உள்ள புகுந்தப்புறம் சிப்பாய்க்குப் பயிற்சி குடுக்க முடியுமா?"

யாக்கை ஒரு கோட்டை. தோலே மதில்; வாயில்தோறும் காவல். ஒருமுறை பொருத பகைவனின் முகத்தை அங்குள்ள வீரர் மறப்பதில்லை. மீண்டும் வந்தால், அவனுக்கென்றே வடித்த எதிர்ப்பொருள் என்னும் அம்புகளோடு எதிர்கொள்வர்.

இந்தப் பகைவனையோ இக்கோட்டை முன்பின் கண்டதில்லை. ஊசிமுனை திறந்த கள்ளவாயில் வழியே வந்தவன் அவன்.

"வேற வழியே இல்லையா?"

"இந்த நோய் வந்து பொழைச்சவங்க ரத்தத்துல ஆன்டிபாடி, அதான் எதிர்ப்பொருள், இருக்கும். அதை ஏத்திப் பாக்கலாம். அப்படி ஒரு ஆளுக்கு நான் எங்க போறது?"

"முயல் ரத்தம்?"

"வைரஸ் கொல்றதுக்கு முன்னாடி அது கொன்னுடும்."

வெளியே, தாழ்வாரத்து இருக்கைகளில் மூவர். அழுது சிவந்த கண்களுடன் உதவியாளப் பெண். மருத்துவரின் தங்கை. தங்கையின் கணவன். நோயாளிக்குச் சகலை, அதே ஆய்வுக்கூடத்தில் தடுப்பூசி தயாரிக்கும் பகுதிக்குப் பொறுப்பாளன். குனிந்து, இறுக்கமாக இருந்த காலணிக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"வைரஸ் இருக்கற ரூம் சாவி யார்கிட்ட?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்கிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு," என்றாள் உதவியாளப் பெண்.

"உங்ககிட்ட?"

"அந்த ரூம் பக்கமே நான் போனதில்லைங்க," என்றான் சகலை. "நாங்க தடுப்பூசிக்கு எடுக்கறது செத்த வைரஸ். உயிரோட இருக்கறது அண்ணனும் இந்தப் பொண்ணும் பாத்துக்கறது."

உதவியாளப் பெண் நிமிர்ந்தாள். "போன வாரம் சார்கிட்ட சண்டை போட்டது நீங்கதானே? உடனே மனுஷங்களுக்குப் போட்டுப் பாக்கணும்னு..."

"சண்டையா? சகலைங்க பேசிக்கிட்டா அப்படித்தான் கேக்கும்."

"சார் ஏன் மாட்டேன்னாருன்னும் சொல்லுங்க. ரெண்டாவது ஊசி போட்டதும் முயலுங்களுக்கு உடம்பு வீங்கி கிட்னி போச்சு."

"முயலுக்கு ஆனா மனுஷனுக்கும் ஆகணுமா? மனுஷன் என்ன கேரட்டா தின்னுட்டு இருக்கான்?"

கதவு திறந்தது. மருத்துவரே வந்தார்.

"ரத்தக்கசிவு நிக்கல. அவர் வகை ரத்தம் வங்கியில தீந்துபோச்சு."

"எனக்கும் சாரோட வகைதான் மேடம்." உதவியாளப் பெண் அக்கணமே எழுந்தாள்.

தங்கை தன் கணவனைப் பார்த்தாள். "உங்களுக்கும் அதேதானே? எந்திரிங்க."

"எனக்கு... கொஞ்ச நாளா ரத்தசோகை மாதிரி..."

"உங்களுக்கா? போன வருஷம் முகாம்ல ரத்தம் குடுத்துட்டு, பிஸ்கட்டை ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்ன ஆளு நீங்க. அக்கா புருஷனுக்குன்னதும் சோகை வந்துடுச்சோ?"

"அதில்லடி..."

"சட்டைக் கையை மடக்குங்க."

அவன் தயங்கினான். இன்ஸ்பெக்டரின் விழிகள் தன் மேல் நிலைத்திருப்பதை உணர்ந்தான்.

சட்டைக் கையை மடக்கினான்.

முதலில் ஏறியது உதவியாளப் பெண்ணின் ரத்தம். காய்ச்சல் தணியவில்லை, மேலும் ஏறியது.

அடுத்து ஏறியது சகலையின் ரத்தம்.

மாலை வெயில் தாழ்வாரத்தில் சாய்ந்தபோது இன்ஸ்பெக்டர் எழுந்து உதவியாளப் பெண்ணிடம் வந்தார். "கிளம்பும்மா. மீதியை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

"நான் எதுவும் பண்ணல மேடம்..."

"சாவி உன் கையில. ரூமுக்குள்ள நடமாட்டமும் உன்னோடது. நான் வேற யாரைக் கேக்கறது?"

"கொஞ்சம் இருங்க," என்றது ஒரு குரல்.

மருத்துவர் வாசலில் நின்றார். முகத்தில் களைப்பு. அதன் அடியில் வேறெதுவோ...

"காய்ச்சல் இறங்குது. கசிவும் நின்னுடுச்சு."

"அக்கா!" தங்கை ஓடிவந்து கையைப் பற்றினாள்.

மருத்துவரின் பார்வை அவள் மேல் இல்லை.

"ஏத்தற ரத்தம் போன ரத்தத்தைத்தான் ஈடுகட்டும். வைரஸை விரட்டாது. ஆனா ரெண்டாவது பை ஏறினதுலேர்ந்துதான் மாற்றம். சந்தேகமா இருந்துச்சு. ரெண்டு பையிலயும் மிச்சம் இருந்ததை டெஸ்ட் பண்ணச் சொன்னேன். இந்தப் பொண்ணோட ரத்தத்துல ஆன்டிபாடி இல்ல. உங்க ரத்தத்துல நிறைஞ்சு கெடக்கு, தம்பி."



"அது எப்படி வரும் டாக்டர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நோய் வந்து பொழைச்சிருக்கணும். இல்ல, தடுப்பூசி போட்டிருக்கணும்."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"உங்களுக்கு நோய் வந்த மாதிரி தெரியல. அந்த ரூம் பக்கமே போகாதவருக்கு ஊசி எதுக்குங்க?"

கிருமியைத் தீண்டுமுன் உன் உடலுக்குக் கவசம் பூட்டு. ஆய்வுக்கூடத்தில் காலெடுத்து வைத்த நாளில் அவன் கற்ற முதற்பாடம். கொலைக்குத் துணிந்தபோதும் அந்த ஒழுக்கத்தை அவன் கைவிடவில்லை. ஒழுக்கமே காட்டிக்கொடுத்தது.

"நீங்களா?" என்றாள் மனைவி.

அவன் அவளைப் பார்க்கவில்லை. மருத்துவரையே பார்த்தான். கண்களில் ஓர் ஒளி.

"காய்ச்சல் நிஜமாவே இறங்கிடுச்சா அண்ணி?"

"இறங்கிடுச்சு."

"அப்ப என் மருந்து வேலை செய்யுது..." அவன் சிரித்தான். "தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அண்ணன் கேட்டாரா? முயல், முயல்னு அதைக் கட்டிக்கிட்டே உக்காந்திருந்தாரு. அவர் இருக்கற வரைக்கும் அது வெளியவே வந்திருக்காது. அதான் அவர் சாவியையே எடுத்து அந்த ரூமைத் திறந்தேன்."

"அதுக்கு அவரைக் கொல்லுவீங்களா?" தங்கையின் குரல் உடைந்தது. "நான் கையை மடக்கச் சொல்லலைன்னா அவர் இந்நேரம்..."



மருத்துவர் அவனருகே வந்தார். குரலில் கோபம் இல்லை.

"எத்தனை ஊசி போட்டுக்கிட்டீங்க?"

"ரெண்டும். முழுசா."

"கால் ஏன் வீங்கியிருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான்.

கயிறு தளர்த்திய காலணியையும் மீறி, மாவு பிசைந்து வைத்தாற்போல் புடைத்திருந்தன பாதங்கள்.

"நின்னுக்கிட்டே வேலை பாத்தது..." என்றான். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"ரெண்டு கால்லயும். முகத்துலயும் இருக்கு. முயலுங்களுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

அவன் சுவரைப் பற்றிக்கொண்டான். "அண்ணி... என்னைக் காப்பாத்துங்க அண்ணி."

"காப்பாத்தத்தான் பாப்பேன்," என்றார் மருத்துவர். "உள்ள படுத்திருக்கறவர் கண்ணு முழிச்சா அதைத்தான் முதல்ல சொல்லுவாரு."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். பஞ்சு ஒட்டியிருந்த, ஊசி குத்திய கையை விட்டு, மற்றக் கையில் பதமாகவே பூட்டினார்.

"மனுஷங்க மேல சோதனை ஆரம்பிக்கணும்னு ஆசைப்பட்டீங்க. ஆரம்பிச்சாச்சு. இந்த மாதிரி சோதனையில பாதி ஆளுங்க நடுவுல விட்டுட்டுப் போயிடுவாங்களாமே? எங்க வார்டுல அந்தத் தொல்லையே கிடையாது சார். கம்பி போட்டு வெச்சிருக்கோம்."