சூசைராஜ் படுத்த இடம்

நிலாக் குடியிருப்பின் நீதிமன்றத்தில் அன்றும் விசாரணை தொடங்குமுன் நீதிபதியின் கண்களைக் கறுப்புத் துணியால் கட்டினார்கள். நீதிபதி ஓர் இயந்திரம். நடுவன் என்று பெயர். அதன் கண்கள் கேமராக்கள். நீதிமன்றத்துக்குள் கேமரா கூடாது என்பதோ பூமியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த விதி. ஏன் என்று அங்கேயே யாரும் கேட்டதில்லை. இங்கே யார் கேட்கப் போகிறார்கள்? அதனால் குற்றவாளியின் முகத்தை ஒருவர் தொடுதட்டில் கீறித் தர, நடுவன் கோடுகளைத் தடவித் தெரிந்துகொள்ளும்.

கீறித் தருபவள் மரகதவல்லி. வரைந்து வரைந்து அவளுக்கு அலுத்துவிட்டது. எந்த முகத்தை வரைந்தாலும் தீர்ப்பு மட்டும் மாறுவதில்லை.

அன்று கூண்டில் நின்றவர் சூசைராஜ். குடியிருப்பின் காற்றுக் குழாய்களைப் பொருத்தியவர்களில் ஒருவர். வயதாகி வேலை போய், அறையும் போய், பொது நடைவழியில் படுத்துவிட்டார். அது குற்றம். தண்டனை, பூமிக்குத் திருப்பி அனுப்புவது. நிலாவின் லேசான ஈர்ப்பில் நைந்த எலும்புகள் பூமியில் அவரை ஒரு வாரம்கூடத் தாங்கா. இது எல்லோருக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

"நல்லா வரைம்மா. கடைசிப் படம்" என்றார்.

மரகதவல்லிக்கு அவர் முகத்தை வரையக் கை வரவில்லை. தினமும் அவரைத் தாண்டி வேலைக்கு வருகிறவள்தானே அவளும்! அவர் படுத்த இடத்திலிருந்து என்ன தெரியுமோ அதை வரைந்தாள். தாண்டிப் போகும் கால்கள். அவற்றுக்கு அப்பால் வரிசையாகக் கதவுகள், ஒவ்வொன்றிலும் பூட்டு.

நடுவன் தடவியது. "குற்றவாளி எங்கே?"

"அவரு கண்ணுக்குத் தெரியறதை வரைஞ்சிருக்கேன், ஐயா."

"கதவுகள் ஏன் பூட்டியிருக்கின்றன?"

"உள்ளே ஆள் இல்லைங்க. விலை ஏறட்டும்னு பூமியில இருக்கறவங்க வாங்கிப் போட்ட அறைங்க."

நடுவன் பூட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடியும் தடவியது. பிறகு சொன்னது: "படுக்க இடம் இருந்தும் வழியில் படுப்பவர்களுக்கான சட்டம் என்றே இதுவரை நினைத்திருந்தேன். இடமே இல்லாதவருக்கு இது பொருந்தாது. விடுதலை."

மன்றமே கைதட்டியது. படத்தைப் பெரிதாக்கி அதே நடைவழிச் சுவரில் மாட்டினார்கள். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பூட்டைத் திறக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சூசைராஜ் எங்கே போவார்? பழைய குருடி கதவைத் திறடி என்று அதே இடத்தில், அந்தப் படத்துக்குக் கீழே படுத்தார்.

அடுத்த மாதமே மறுபடியும் கூண்டில் நின்றார். இம்முறை புதுச் சட்டம்: கலைப்படைப்பை மறைத்துப் படுத்தல். புகார் கொடுத்தவர்கள், படத்தைப் பார்த்து அழுதவர்கள். தண்டனை மட்டும் பழையதுதான்.

நடுவனின் கண்ணைக் கட்டினார்கள். மரகதவல்லி தொடுதட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதை வரைவது என்று தெரியாமல் சூசைராஜைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை என் முகத்தையே வரைஞ்சிடும்மா" என்றார் அவர். "அதை யாரும் எங்கேயும் மாட்ட மாட்டாங்க."