கேட்காமல் வைத்த சேனை

சாரலில் நனைந்தபடி ஓடிவந்த குழல்வாய்மொழி, ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். குறைமாதத்தில் பிறந்த அவள் அண்ணன் மகனின் நாக்கில் யாரோ ஒருவன் சீனித்தண்ணீரைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் இனிப்பு தொட்டுச் சேனை வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வருமாம். அத்தை என்ற உரிமையில் தானே வைக்க வேண்டுமென்று வெள்ளிச் சங்கோடு வீரகேரளம்புதூரிலிருந்து தென்காசிக்குப் பஸ் ஏறியிருந்தாள் அவள்.

“யாரக் கேட்டு எங்க பிள்ளைக்குச் சேனை வச்சீய?”

அவன் நிமிர்ந்தான். சின்ன டாக்டர் சுந்தரபாண்டியன். எதிரே அவளுடைய கோபக் கண்கள், இமை நுனியில் மழைத்துளி... கையிலிருந்த ஊசியையே மறந்துவிட்டான். பாவம், டாக்டரும் மனிதன்தானே.

இது சேனை இல்லை என்றான். காமாலைக்காகத் தினமும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது, இனிப்பு பட்டால் அழுகை குறைகிறது என்றான். குறைமாதப் பிள்ளைக்கு வலியே தெரியாது என்று பெரிய டாக்டர் சிரிக்கிறாராம். இவனுக்கு அப்படித் தோன்றவில்லையாம்.

அவளுக்கு மனம் ஆறவில்லை. வெளி ஆள் சேனை வைத்த பிள்ளை என்று ஊர் பேசுமே... முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் நர்ஸ் வரவில்லை. பிள்ளையைப் பிடிக்க அவளைத்தான் கூப்பிட்டான். தாய் வயிற்றில் இருந்ததுபோலக் கைகால்களை மடக்கி, உள்ளங்கைகளால் அணைத்துக்கொள்ளச் சொன்னான். சீனித்தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டு, குட்டிப் பாதத்தைத் தன் கைச்சூட்டில் வைத்துக் காத்திருந்தான்.

“அவசரமில்ல... அவன் சப்பட்டும்.”

ஊசி பட்டது. பிள்ளை முகம் சுளித்து லேசாகச் சிணுங்கினான், அவ்வளவுதான். அவளுக்குத்தான் கண் நிறைந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று ஒரு பச்சைப் பிள்ளையின் வலிக்காகக் காத்திருக்கிறானே இவன்... யாரோ ஒருவனை நினைத்து இத்தனை பெருமைப்படலாமா?

பிள்ளை தேறி வீட்டுக்குக் கிளம்பும் நாளும் வந்தது. ஊசி பட்டும் பிள்ளை அழாததைப் பார்த்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இனி இப்படியே செய்யலாம் என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். அதைச் சொல்ல ஓடிவந்தவன், அவள் முன்னால் தயங்கினான்.

“இன்னும் கோவமா?”

“எம் மருமவனுக்கு உங்க குணம் வந்தா எனக்குப் பெருமதான். ஆனா, வெளி ஆளு சேனை வச்சதா யாரும் சொல்லக் கூடாது...”

அவன் முகம் வாடியது. அவள் வெள்ளிச் சங்கை அவன் கையில் வைத்தாள்.

“அதனால... நீங்க வெளி ஆளா இருக்காதீய. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு.”

வெளியே சாரல் வலுத்தது. அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, போகிறபோக்கில் திரும்பிச் சிரித்தாள்.

“அண்ணன் வாசல்ல நிக்காக. இந்தத் தடவையாவது கேட்டுட்டுச் செய்யுங்க.”