மூலையில் மூடிய குழாய்

குளியலறையில் பிரகலாதன் ஊற்றிய வாளித் தண்ணீர் வடிகால் துளைக்குப் போகவில்லை. புதிதாகப் பதித்த டைல்களின் மேல் சற்றுத் தயங்கி நின்றது. பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, மேட்டில் ஏறி, பின்சுவர் மூலைக்கு ஓடி மறைந்துவிட்டது.

நீர்மட்டக் கட்டையை வைத்துப் பார்த்தான். வடிகால் பக்கமாகத் தரையின் வாட்டம் சரியாகத்தான் இருந்தது. யூடியூப்பைப் பத்துத் தரம் பார்த்து, வங்கியில் எடுத்த ஒரு கிழமை லீவையும் கொடுத்து, மேசன்மார் மட்டுந்தானா சாந்தகப்பை பிடிப்பார்கள் என்ற வீம்போடு தானே பதித்த தரை. பழைய வழுக்கல் தரையில் மனைவி தனுஷா நிறைமாதத்தில் சறுக்கி விழப் பார்த்தபோதே, பிள்ளை வருமுன் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தான். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, தாய்வீட்டிலிருந்து அவளும் பிள்ளையும் இன்று மத்தியானம் வருகிறார்கள்.

சாந்தகப்பையின் பிடியால் ஒவ்வொரு டைலாகத் தட்டினான். எல்லாம் கெட்டியாக ஒலித்தன. மூலையிலிருந்தது மட்டும் வெறுங்குடம் போல ஒலித்தது.

மதிலுக்கு அப்பால் செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சூசைதாசன் பழைய மேசன். அவரைக் கூப்பிட்டான்.

"அண்ணை, அந்த மூலையிலை ஒரு இரும்புக் குழாய் கிடந்தது. சீமெந்தாலை அடைச்சுப்போட்டுத்தான் டைல் ஒட்டினனான். அதாலை ஏதும் வருமே?"

சூசைதாசனின் முகம் வெளுத்தது. "ஐயோ தம்பி, உங்கடை பாத்றூமுக்குக் கீழை கிணறெல்லோ! கிணத்தை மூடேக்கை அது மூச்சுவிடக் குழாய் வைக்கிறது. அதை ஆரும் அடைப்பினமே?"

"கிணத்தை மண் போட்டு நிரப்பினதுதானே, அண்ணை?"

"நானும் நிண்டனான். எத்தினை லோட் கொட்டியும் நிரம்பேல்லை. பேசாமல் மேலை கொங்கிறீற் பிளாட் போட்டு மூடினது. போய் உடனை உடையுங்கோ."

உளியை எடுத்துக்கொண்டு போனான். டைல் ஒரே நெம்பில் கழன்று வந்தது. அடிப்பக்கச் சாந்தில் ஐந்து பள்ளங்கள், இன்னும் ஈரமாக. யாரோ கீழிருந்து விரல்களால் வழித்தெடுத்ததுபோல.

குழாயை அடைத்த சீமெந்து இல்லை. குழாயும் இல்லை. ஒரு பொந்து இருந்தது. பாசி மணம். அதிலிருந்து காற்று வரவில்லை, உள்ளே இழுபட்டது. ஒரு டைல் துண்டைப் போட்டான். விழுந்த சத்தமே கேட்கவில்லை.

வாசலில் ஓட்டோ ஹோர்ன் அடித்தது.

டைலைத் திரும்ப வைத்து, அதன்மேல் நிறைவாளியைத் தூக்கி வைத்தான். வெளியே ஓடி, "பாத்றூமுக்கை போகாதை, தனு. இன்னும் காயேல்லை," என்றான்.

"தெரியும், உங்களுக்கு வேலை முடியேல்லை," என்று சிரித்தபடி அவள் பிள்ளையோடு உள்ளே போனாள்.

பைகளை இறக்கி, ஓட்டோக்காரனை அனுப்பிவிட்டு வந்தான். முற்றத்திலேயே கேட்டது. தண்ணீர்ச் சத்தம்.

"இஞ்சாருங்கோ, நல்ல வடிவாய்ச் செய்திருக்கிறியள். பிள்ளைக்கு ஒரே வேர்வை. அதுதான் தண்ணி வாக்கிறன்."

ஓடினான்.

தனுஷா கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால்களின் மேல் பிள்ளை. குனிந்து அதன் தலையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் வாளி சரிந்து கிடந்தது. டைல் ஒருச்சாய்ந்து நின்றது.

பொந்திலிருந்து ஒரு கை. ஊறி வெளுத்த கை. நகங்களில் சீமெந்து. ஓடிவந்த தண்ணீரைக் குழித்து ஏந்தி, உள்ளே போனது. திரும்பி வந்தது. ஏந்தியது. போனது. பிரகலாதன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

தண்ணீர் முடிந்தது.

கை நீண்டது. முழங்கை கடந்தும் நீண்டது. ஈரத்தைத் தடவித் தடவி வந்தது.

"பாருங்கோ, தண்ணியெண்டால் அழுகையே இல்லை," என்றாள் தனுஷா, நிமிராமல்.

பிள்ளையின் கணுக்காலை அந்த விரல்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி மூடின.