மின்னாத அம்மா

காலை ஒன்பதே காலுக்குப் பூங்கோதையின் ஸ்கேன் முடிவு பதிவானது. அந்த நொடியிலிருந்து அவள், நாலு வயது மகள் இதழினியின் கண்ணுக்கு மின்னுவதை நிறுத்திவிட்டாள்.

யாரை நொந்து என்ன? நலமின்னியைக் கண்டுபிடித்தவளே அவள்தான். குழந்தையின் விழிமேல் ஒட்டும் மெல்லிய படலம் அது. நல்லதெல்லாம் மின்னும்: கீரை, பாடநூல், சாலை கடக்கும் கோடு. ஆகாதது மங்கிக் கிடக்கும். மருத்துவப் பதிவுகளைப் படித்து, சீக்கிரம் இழக்கப்போவதையும் அது மங்கவைத்துவிடும், பிஞ்சு மனசு அதில் ஒட்டாமலிருக்க. அந்த விதியை எழுதியதும் அவளேதான். அதற்கு விருது வேறு!

மருத்துவர் சொன்ன கெடு மூன்று மாதம். அதற்குள் இதழினி ஒரு தடவையாவது ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். வேறெதுவும் வேண்டாம் அவளுக்கு.

பாலர் பள்ளிக்கு அவள் போனபோது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இதழினி ஏறிட்டுப் பார்த்தாள். பார்வை அம்மாவிடம் நிற்காமல் நகர்ந்தது.  மின்னுவதற்கும் நல்லதற்கும் சம்பந்தமில்லை எனப் புரியவைத்தால் பெண் தன்னிடம் வந்துவிடுவாள் என்று பூங்கோதைக்கு ஒரு நப்பாசை. வழியில் வாங்கிய கல்கண்டை வெயிலில் காட்டினாள்.

“இது ஏன் மின்னுது, சொல்லுங்க?”

“மின்னவே இல்லையே ஆன்ட்டி,” என்றது ஒரு வாண்டு. “அது பல்லுக்கு ஆகாது. கேரட்தான் மின்னும்.”

“இல்ல கண்ணு. இதுல குட்டிக் குட்டியாப் பட்டை இருக்கு. வெளிச்சம் அதுல பட்டுத் தெறிச்சு, நாம தலைய அசைக்க அசைக்க ஒண்ணொண்ணாக் கண்ணுக்கு வரும். அதுக்கு நல்லது கெட்டதெல்லாம் தெரியாது.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். இதழினி எழுந்துபோய், தன் கண்ணுக்கு மின்னிய ஆசிரியையின் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குமேல் தாங்கவில்லை. பூங்கோதை மகளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கைப்பையில் இருந்த, படலத்தைக் கரைக்கும் சொட்டுமருந்தை இரண்டு கண்ணிலும் விட்டாள்.

“வேணாமுங்க மேடம்! மங்கினவங்ககிட்ட ஒட்டிக்கிட்டா பின்னாடி அழுவாளுங்க!” என்று ஆசிரியை ஓடிவந்தார்.

“அழட்டுமுங்க. எனக்காக அவ ஒருத்தியாவது அழட்டும்.”

இதழினி கண்ணைக் கசக்கித் திறந்தாள். கதவு, பூந்தொட்டி, ஆசிரியை, அம்மா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பூங்கோதை மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தாள். குழந்தை நகரவில்லை. அதன் உதடு பிதுங்கியது.

“அம்மா, எதுவுமே மின்னலையே. நான் இப்ப யாருகிட்டப் போறது?”